பகலில் விளையும் மின்சாரமும் இரவில் எரியும் விளக்கும்

1990-களின் நடுப்பகுதியில், நான் சிறுவனாயிருந்த காலத்தில், எங்கள் தம்பிலுவிற் கிராமத்துக்கு மின்சாரம் பெரும்பாலும் சைக்கிளின் பின்புறத்தில் ஏறியே வந்தது. யுத்தகாலம் அது. பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றறியொன்றை ரியூப் வாரினாற் கரியரில் இறுகக் கட்டி, அக்கரைப்பற்றிலுள்ள ஒரு கடைக்குக் கொண்டுபோவோம். கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். நாங்கள் அவரைக் 'காக்கா' என்றே அழைப்போம். அவர் பற்றறியின் பக்கத்தில் வெண்கட்டியால் ஓர் இலக்கத்தை எழுதி, வரிசையில் வைப்பார். மறுநாள் மாலை போய் எடுத்துவருவோம். அமிலம் பட்டு ஓட்டைவிழுந்த காற்சட்டையொன்று என்னிடம் நெடுங்காலம் இருந்தது.

அந்தக் கடையில் எழுதப்படாத சட்டமொன்று இருந்தது. மருந்தகத்துப் பற்றறி வந்தால் அது வரிசையின் முன்னே போகும். அடுத்தது பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் உரியவை. அதன்பின் கலியாண வீடுகள். எங்களைப்போல் வெள்ளிக்கிழமைப் படம் பார்ப்பதற்காக வந்தவர்கள் கடைசியில் நிற்கவேண்டும். ஒருநாள் நான் முறையிட்டபோது, "படம் பார்க்கிற பற்றறி பொறுக்கும் தம்பி, மருந்து வைக்கிற பெட்டி பொறுக்காது" என்றார். மின்சாரத்தைச் சேமிப்பது ஒரு கலை. சேமித்ததை யாருக்கு, எப்பொழுது, என்ன விலைக்குக் கொடுப்பது என்பது வேறொரு கலை. இந்த இரண்டாவதைத்தான் இன்று அரசாங்கங்கள் 'கொள்கை' என்கின்றன. நான் அதை முதன்முதலிற் கண்டது அக்கரைப்பற்றுக் கடை வாசலிலேதான்.

முப்பது ஆண்டுகள் சென்றுவிட்டன. இன்று எங்கள் கடற்கரை வீதியிற் செல்பவர் நிந்தவூரிலும் சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் கூரைகளின்மேற் கருநீலத் தகடுகள் வெயிலில் மின்னுவதைக் காண்பர். ஆயினும் சூரியன் தன் உச்ச விளைவைத் தருவது நண்பகலில். நாட்டில் மின்சாரத்துக்கு மிகுந்த தேவை எழுவதோ, விளக்கேற்றிச் சோறாக்கித் தொலைக்காட்சி பார்க்கும் இரவின் முற்பகுதியில். மின்கட்டண அட்டவணை மாலை 6.30 தொடக்கம் இரவு 10.30 வரையுள்ள நான்கு மணிநேரத்தையே உச்சவேளை எனக் குறிக்கின்றது. அந்த நான்கு மணிநேரத்துக்காக எண்ணெயை எரிக்கும் மின்பிறப்பாக்கிகளை முடுக்குகின்றோம். அந்த எண்ணெய்க்காக டொலர் தேடுகின்றோம். டொலர் இல்லாமற் போனால் என்ன நேரும் என்பதை 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் இருளிலிருந்து அறிந்துகொண்டோம்.

சேமிப்பு என்பது நமக்குப் புதியதா என்றால், இல்லை. மழையைச் சேமித்து மின்சாரமாக்குவதில் இலங்கை நெடுநாட் பழகியது. 1950-ஆம் ஆண்டு லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது முதல், 1990-களின் நடுப்பகுதி வரை, நாட்டின் மின்சாரத்திற் பெரும்பங்கு மலைநாட்டு நீர்த்தேக்கங்களிலிருந்தே வந்தது. நீர்த்தேக்கம் என்பது ஒரு பெரிய மின்கலம் அன்றி வேறு யாது? வேண்டும்போது கதவைத் திறந்தால் சுழலி சுற்றும், வேண்டாதபோது மூடிவைக்கலாம்.

எங்கள் அம்பாறை மாவட்டத்திலேயே கல்லோயாத் திட்டத்தின் கீழ் இங்கினியாகலையில் எழுந்த சேனநாயக்க சமுத்திரம் உண்டு. அதன் அணையடியில் ஏறத்தாழ 11 மெகாவாற்று வலுவுடைய சிறு மின்நிலையமும் உண்டு. ஆனால் அங்கே நீர் திறக்கப்படுவது விளக்கின் பசியைப் பார்த்தன்று. வயலின் தாகத்தைப் பார்த்து. பருவத் தொடக்கத்தில் விவசாயிகளும் அதிகாரிகளும் கூடி நாள்குறிப்பர். வட்டை விதானை தன் வட்டைக்கு உரிய நீரை முறைவைத்து விடுவார். மேல்வாய்க்காற்காரன் முந்திக்கொண்டால் கீழ்வாய்க்காற்காரனின் பயிர் வாடும் என்பது எங்கள் ஊரிற் படிப்பறியாதவருக்கும் தெரிந்த பொருளாதாரம். குளத்தைக் கட்டியது பொறியியல். கதவு திறக்கும் முறையை வகுத்தது கொள்கை. மின்கலத்தின் கதையும் இதுவே.

இனி நமது நாட்டின் சூரிய மின்சாரக் கொள்கை நடந்துவந்த வழியைப் பார்ப்போம். 2010-ஆம் ஆண்டளவில் 'நிகர மானி' முறை வந்தது. பகலில் வீட்டுக்காரர் மின்வலைக்கு ஓர் அலகு கொடுத்தால், இரவில் ஓர் அலகைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மிஞ்சியது அடுத்த மாதக் கணக்கில் வரவாகும். நல்ல திட்டந்தான், அது இல்லாவிடின் கூரைத்தகடு இந்நாட்டில் வேர்கொண்டிராது. ஆயினும் நுணுகிப் பார்த்தால், நண்பகல் அலகும் இரவு எட்டு மணி அலகும் ஒரே பெறுமதியுடையன என்று அந்தக் கணக்கு கூறியது. அறுவடைக்காலத்தில் ஒரு மூடை நெல்லைக் கொடுத்துவிட்டு, பஞ்சகாலத்தில் அதே மூடையைக் கூலியின்றித் திரும்பப் பெறக்கூடிய களஞ்சியம் ஊரில் இருந்தால், தன் வீட்டில் யார் பட்டறை கட்டுவார்? தேசிய மின்வலையே இலவசக் களஞ்சியமாயிற்று. மின்கலம் வாங்க எவருக்கும் தேவை எழவில்லை.

2016 செப்டெம்பரில் 'சூரிய பல சங்கிராமய' என்னும் திட்டம் தொடங்கியது. 2020-இல் 200 மெகாவாற்று, 2025-இல் 1,000 மெகாவாற்று என்பது அதன் குறி. மிகுதி மின்சாரத்துக்கு முதல் ஏழாண்டுகளுக்கு அலகொன்றுக்கு 22 ரூபாவும், அதன்பின் 15 ரூபா 50 சதமும் என்று இருபதாண்டு ஒப்பந்தம். பொருளாதார நெருக்கடிக்குப் பின் புதியவர்களுக்கான விலை 37 ரூபா வரை ஏறியது. 2024 நடுப்பகுதியில் 27 ரூபா 6 சதத்துக்கு இறங்கியது. 2025-இல் மேலும் குறைந்தது. இவ்வளவு ஏற்ற இறக்கத்துக்கிடையிலும் கூரைச் சூரிய மின்சாரம் குறித்த இலக்கை விஞ்சி, 2025-இல் 1,500 மெகாவாற்றையும் கடந்தது. விலை எவ்வளவு என்பது பலமுறை மாறியது. எந்த மணிக்கு என்ற கேள்விமட்டும் நெடுநாள் எழவேயில்லை.

அந்தக் கேள்வியை எழுப்பியது, வேடிக்கையாகச் சொன்னால், ஒரு குரங்கு. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11 மணிக்குப் பின் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தின் நிலைமாற்றியில் ஒரு குரங்கு பட்டதே தொடக்கக் காரணம் என்று அமைச்சர் அறிவித்தார். உலகப் பத்திரிகைகள் சிரித்தன. எங்கள் வகுப்பிலும் மறுநாள் அனுமாரின் வாலும் இலங்கையும் நினைவுகூரப்பட்டன என்பதை மறைப்பானேன்! ஆனால் ஒரு குரங்கு ஒரு தீவை எங்ஙனம் இருட்டாக்கும் என்று சிந்திப்பதே மாணவருக்குப் பயன்.

நமது ஆடலோட்ட மின்சாரத்தின் மீடிறன் செக்கனுக்கு 50. பெரிய நீர்மின் நிலையங்களிலும் அனல்மின் நிலையங்களிலும் பல தொன் நிறையுள்ள சுழலிகள் சுழல்கின்றன. எங்கேனும் ஒரு தடங்கல் ஏற்பட்டால், அவற்றின் சடத்துவம் சிலகணம் அதைத் தாங்கி மீடிறன் சட்டென்று விழாமற் காக்கும். ஓடிவரும் மாட்டுவண்டி நுகத்தை விட்டாலும் சற்றுத் தூரம் உருண்டே நிற்பதுபோல. கூரைத்தகட்டில் சுழலும் பொருள் எதுவுமில்லை. அதன் நேரோட்டத்தை ஆடலோட்டமாக்கும் கருவியோ, வலையிற் குழப்பம் கண்டால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே கழன்றுவிடும் இயல்பினது. ஞாயிற்றுக்கிழமையாதலால் தொழிற்சாலைகள் மூடியிருந்தன, தேவை குறைவு. வெயிலோ கொளுத்தியது, வலையிற் பெரும்பங்கு சூரிய மின்சாரம், சுழலும் பொறிகளோ சில. சிறு அடி விழுந்ததும் அனைத்தும் சரிந்தன. நுரைச்சோலையின் மூன்று அலகுகளும், மொத்தம் 900 மெகாவாற்று, நின்றுபோயின. அவற்றை மீண்டும் இயக்க நாட்கள் சென்றமையால், அடுத்த நாட்களில் முறைவைத்து மின்வெட்டும் நேர்ந்தது.

மின்கலம் இங்கே இருவகையில் உதவவல்லது. நண்பகல் மிகுதியை இரவுக்கு நகர்த்துவது ஒன்று. ஒரு செக்கனின் சிறு பின்னத்துக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சி, விழும் மீடிறனைத் தாங்கிப்பிடிப்பது மற்றொன்று. இரண்டாவது தொண்டைச் சாதாரண மானி அளக்காது. ஆகவே சட்டம் அதற்கென்று ஒரு கூலியை வகுத்தாலொழிய, அதனை எவரும் செய்ய முன்வரார்.

அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தது. ஆலைகள் பூட்டு, அலுவலகங்கள் பூட்டு. பகலில் மின்சாரம் தேவைக்கு மிஞ்சிவிடும் என்று அஞ்சி, கூரைத்தகடுடையோர் பிற்பகல் 3 மணிவரை தங்கள் கருவிகளை நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை வேண்டிக்கொண்டது. என்னோடு படிப்பிக்கும் நண்பர் ஒருவர் வங்கிக் கடன்பட்டு ஐந்து கிலோவாற்றுத் தகடு போட்டிருந்தார். நாளொன்றுக்கு ஏறத்தாழ இருபது அலகு விளையும். அலகு 27 ரூபாவாயின், நாளுக்கு ஐந்நூறு ரூபாவுக்கு மேல். வேண்டுகோளை அவர் ஏற்றார். "கருவியை நிறுத்த ஒரு சுவிச்சு இருக்கின்றது, கடனை நிறுத்தத்தான் சுவிச்சைக் காணவில்லை" என்று மட்டும் சொன்னார். எனக்கு அவருடைய ஐந்நூறு ரூபாவைவிட வேறொன்றே உறுத்தியது. பகலில் வெயிலின் விளைவை வேண்டாமென்று தள்ளிவிட்டு, அன்று மாலையே எண்ணெயைக் கொளுத்தி விளக்கேற்றினோம். அந்த எண்ணெயின் விலை, கூரைத்தகடு இல்லாத மீனவர் வீட்டுக் கட்டணச் சீட்டிலும் ஏறியே வரும்.

பிற நாடுகள் இவ்விடத்தில் என்ன செய்தன? தென் அவுஸ்திரேலியாவில் 2016 செப்டெம்பர் 28-இற் பெரும் புயலடித்து மாநிலம் முழுவதும் இருண்டது. காற்றாலைகளை மிகுதியாக நம்பியதே குற்றம் என்று ஒருசாரார் பழித்தனர். மாநில அரசு காற்றாலைகளை மூடவில்லை. சேமிப்புக்கு ஒப்பந்தம் கோரியது. 2017 டிசெம்பரில் ஹோர்ன்ஸ்டேல் என்னுமிடத்தில் 100 மெகாவாற்று லித்தியம் மின்கல நிலையம் இயங்கியது. அதே மாதத்தில், நூற்றுக்கணக்கான மைல்களுக்கப்பால் விக்ரோறியா மாநிலத்தில் ஒரு நிலக்கரி அலகு திடீரென நின்றபோது, கண்ணிமைப்பதற்குள் அது மின்சாரம் பாய்ச்சியதை உலகம் வியந்து நோக்கியது. வாய்ப்பான செய்தி யாதெனில், விரைந்து தாங்கும் அந்தத் தொண்டுக்கு அங்கே முன்னரே ஒரு சந்தை விலை இருந்தது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் வேறுவழி சென்றது. 2010-இல் ஒரு சட்டம்; அதன்படி 2013-இல் அங்குள்ள ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, மூன்று பெரிய மின் கம்பனிகளும் சேர்ந்து 2020-க்குள் 1,325 மெகாவாற்றுச் சேமிப்பைக் கொள்ளவேண்டும் என்று கட்டளையிட்டது. அன்று மின்கலம் யானைவிலை, குதிரைவிலை. வீண் செலவு என்றவர் பலர். ஆனால் வாங்குவோர் உறுதி என்று கண்டதும் தொழில் வளர்ந்தது, விலையும் இறங்கியது. 2024-இல் அம்மாநிலத்தின் சேமிப்பு 10,000 மெகாவாற்றைக் கடந்தது. அவ்வாண்டு ஏப்ரிலில் ஒருமாலை, சிறிதுநேரம், மற்றெல்லா மூலங்களையும்விட மின்கலங்களே மிகுந்த மின்சாரம் தந்தன.

இந்தியா 2022-இல் சேமிப்புக் கடப்பாடு ஒன்றை விதித்தது. மின்பகிர்வு நிறுவனங்கள் 2023-24-இல் ஒரு சதவீதத்தில் தொடங்கி, 2029-30-இல் நான்கு சதவீதம் வரை சேமிப்புவழி வந்த மின்சாரத்தைக் கொள்ளவேண்டும். 2023-இல் மின்கல நிலையங்களின் மூலதனச் செலவில் 40 சதவீதம் வரை மானியம் தரவும் ஒப்பியது. தமிழ்நாட்டிலோ இதற்கு நெடுங்காலம் முன்பே, 1980-களின் இறுதியில், கடம்பாறையில் 400 மெகாவாற்று நீரேற்று நிலையம் எழுந்தது. மின்சாரம் மலிந்த வேளையில் நீரை மேலேற்றி, அரிதான வேளையில் இறக்கும் முறை அது. நமது நாட்டிலும் அத்தகைய 600 மெகாவாற்றுத் திட்டமொன்று, மகா ஓயாத் திட்டம் என்ற பெயருடன், நெடுநாளாகக் காகிதத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

கட்டளையிட்டாற் போதும் என்று எண்ணுவோருக்குச் சீனாவின் அனுபவம் ஒரு பாடம். அங்கே பல மாகாணங்கள், புதிய காற்றாலையோ சூரிய நிலையமோ கட்டுவோர் கூடவே மின்கலமும் வைக்கவேண்டும் என்றன. வைத்தார்கள். ஆனால் அதனை இயக்கினால் என்ன வருவாய் என்பது தெளிவில்லாதபடியால், அவற்றிற் பல பயன்பாடு குறைந்து கிடந்தன. 2025 பெப்ரவரியில் மத்திய அரசே அந்தக் கட்டாயத்தை நீக்கியது. கன்னி கழியாத குடம் பரணிலிருந்தால் தாகம் தீருமா?

நமது நாட்டிற்கு மீள்வோம். 2025-இல் இரண்டு அசைவுகள் தென்பட்டன. முதலாவது, பத்து உப மின்நிலையங்களில் ஒவ்வொன்றிலும் 16 மெகாவாற்று வீதம் 160 மெகாவாற்று மின்கலம் நிறுவக் கேள்விமனுக் கோரப்பட்டது. ஒவ்வொன்றும் நான்கு மணிநேரம் வலுக்கொடுக்கவல்லது. ஆக 640 மெகாவாற்று மணி. மாணவர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். 640 மெகாவாற்று மணி என்பது 6,40,000 அலகு. ஒரு வீடு உச்சவேளையில் மூன்று அலகு எரிக்கும் எனக் கொண்டால், ஏறத்தாழ 2,13,000 வீடுகளின் முன்னிரவு. நான் சுமந்துசென்ற பன்னிரண்டு வோல்ற்று, அறுபது அம்பியர் மணிப் பற்றறியோ முக்கால் அலகுக்கும் குறைவு!

இரண்டாவது அசைவே எனக்கு முக்கியமானதாகப் படுகின்றது. கூரைத்தகட்டோடு மின்கலமும் வைத்து, உச்சவேளையில் மின்சாரம் தருவோருக்குத் தனிவிலை கொடுக்க அரசாங்கம் இசைந்தது. அலகுக்கு நாற்பது ரூபாவுக்கு மேற்பட்ட அந்த விலை, பகல் விலையின் இரட்டிப்பைத் தாண்டியது. மணிக்கு ஒரு விலை என்னும் கொள்கை ஒருவாறு வாசற்படி ஏறிவிட்டது. ஆனால் விற்பவருக்கே அது ஏறியது. வாங்குபவருக்கு முற்றாக ஏறவில்லை. பெரும்பாலான வீடுகளுக்கு மாதத்தில் எத்தனை அலகு என்பதே கணக்கு. எந்த மணியில் என்பது கணக்கன்று. பகல் பன்னிரண்டு மணிக்கு நீர் இறைத்தாலும் இரவு எட்டுக்கு இறைத்தாலும் கட்டணம் ஒன்றே. பகற்பொழுதில் மலிவு என்று ஆனால், மின்கலம் வாங்காமலே எத்தனையோ வேலைகளைக் குடும்பத்துப் பெண்கள் நண்பகலுக்கு நகர்த்திவிடுவார்கள். செலவில்லாத சேமிப்பு அதுவே.

தாமதத்தின் விலையை வடக்கிலுள்ள நமது தீவார் அறிவர். எழுவைதீவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் துணையோடு காற்று, சூரியன், மின்கலம், டீசல் நான்கையும் இணைத்த சிறு நிலையம் எழுந்தது. அதே வகையில் நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவுக்கு வகுத்த திட்டம் 2021-இல் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது, இந்தியா மனங்கொண்டது, வேலை நின்றது. 2024 மார்ச்சில், 110 இலட்சம் டொலர் இந்திய நன்கொடையில் வேறோர் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. இடையிற் கழிந்த மூன்றாண்டுகளில் தீவாரின் விளக்கு டீசலிலேயே எரிந்தது. வெளியுறவும் மின்கலக் கொள்கையின் ஓர் உறுப்பே போலும்!

மின்கலம் யார் வீட்டில் இருக்கவேண்டும் என்பதிலே எனக்கு ஓர் ஐயமுண்டு. தனிவிலைத் திட்டத்தால் நன்மை பெறுவோர், இலட்சக்கணக்கில் முதலிட வல்லோர். கல்முனையின் பெரிய கடைக்காரர் வைப்பார்; தம்பிலுவிற் கரைவலைக்காரர் வைப்பாரா? ஊரின் நிலைமாற்றியடியில், பத்துத் தெருவுக்கும் பொதுவாக ஒரு மின்கலம் வைத்தால், கூரைத்தகடு உள்ளவனின் நண்பகல் மிகுதி இல்லாதவனின் இரவுக்கும் உதவும். உள்ளூர் வலையின் வோல்ற்றளவு மிகுந்து கருவிகள் கழலும் தொல்லையும் தணியும். கிராமத்துக் கூட்டுறவுச் சங்கம் அதனை உடைமையாகக் கொள்ளச் சட்டம் இடமளிக்கவேண்டும். நெற்களஞ்சியம் நடத்தியவர்களுக்கு இது இயலாத காரியமன்று. அன்றியும் உப்புக்காற்றும் கோடை வெக்கையும் மின்கலத்தின் ஆயுளைத் தின்பவை. வீட்டுக்கு வீடு வைத்துப் பழுதாக்குவதிலும் ஓரிடத்திற் குளிரவைத்துப் பேணுவது எளிது.

பழையவற்றை என் செய்வது என்பதும் இப்போதே வகுக்கவேண்டியது. ஈயப் பற்றறிகளைக் கொல்லைப்புறத்தில் உடைத்து உருக்கும் வழக்கம் ஊருக்கு ஊர் இருந்தது. அந்த ஈயம் மண்ணிலிறங்கிக் கிணற்றையும் குழந்தையின் குருதியையும் சேரும். லித்தியம் மின்கலத்தில் ஈயமில்லை. ஆயினும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அவையும் குவியும். விற்றவனே திரும்ப எடுக்கவேண்டும் என்ற விதி, விற்கத் தொடங்கும்போதே இருப்பது நலம்.

சென்ற வைகாசியில் கண்ணகையம்மன் சடங்குக்குச் சாமான் வாங்க அக்கரைப்பற்றுக்குச் சென்றிருந்தேன். காக்கா காலமாகிப் பல ஆண்டுகள். கடையை இப்போது அவர் மகன் நடத்துகின்றார். வாசலிற் சூரியத் தகடுகள் சார்த்திக் கிடந்தன. சுவரோரத்தில், அலுமாரிபோன்ற வெள்ளைப் பெட்டியொன்று. ஐந்து அலகு கொள்ளும் லித்தியம் மின்கலம் என்றார். விலையைக் கேட்டேன். சொல்லிவிட்டு, அவரே தொடர்ந்தார்: "பொறுங்க சேர். இரவு விலை இன்னும் எத்தனை வருசத்துக்கு நிற்கும் எண்டு எழுத்தில பார்த்துப்போட்டு வாங்குங்க." அதன்பின் உள்ளே போய், கோயிலுக்கு வாடகைக்குக் கேட்டிருந்த இரண்டு பெரிய பற்றறிகளையும் வெண்கட்டியால் இலக்கமிட்டு எடுத்துவந்தார்.